என் மெஷின்ல தெரியுதே!

சொந்தச் சிற்பி என்று ஓர் இனம் உண்டு. கல்லைச் செதுக்கும் சிற்பியைச் சொல்லவில்லை. அவர் செதுக்கியது நாலு பேர் கண்ணுக்குத் தெரியும். தலைமேல் காக்காயாவது வந்து உட்காரும். நான் சொல்கிற ஆள், கடையில் தயாராகக் கிடைக்கும் பொருளைத் தொட்டால் தன் கௌரவம் கரைந்துவிடும் என்று நம்புகிறவர். கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டுமா? கடைக்குக் கடை தொங்குகிறது. வாங்கமாட்டார். தானே ஒன்று செய்வார். அதில் கொடி இருக்கும், கொடியில் இலை இருக்கும், இலையில் நரம்பு இருக்கும், நரம்பில் ஒரு பனித்துளிகூட இருக்கும். கதவுதான் சாத்தாது. கேட்டால், "நீங்க சாத்துற விதம் சரியில்ல" என்பார்.

பள்ளிக்கூடத்து வாசலை நான் சின்ன வயதிலேயே வெளிப்பக்கமாகத் தாண்டிவிட்டேன். அதனால் புத்தகம் படிக்க வேண்டிய காலமெல்லாம் ஆட்களைப் படிக்கப் போய்விட்டது. தச்சுப் பட்டறை, அச்சாபீஸ், பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற கொட்டகை என்று எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும், கூட்டத்தில் சிற்பி யார் என்று அவர் வாயைத் திறக்கும் முன்னே காட்டிவிடுவேன். என் கணக்கு இதுவரை தப்பியதில்லை. தப்பியது என்று சொல்கிறவர் யாராவது இருந்தால் எதிரே வந்து சொல்லட்டும்.

ஆனால் இந்த இனம் கொழுத்துச் செழித்துக் குட்டி போட்டுப் பெருகியிருக்கும் இடம் எது தெரியுமா? கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதுகிற இடம்.

ப்ரோக்ராம் என்றால் என்ன, பெரிய மந்திரமா? ஸ்கிரீனில் ஒரு சன்னல் திறக்கும். அதில் அமுக்குவதற்கு நாலு பட்டன், எழுதுவதற்கு ஒரு கட்டம், எண் காட்டுவதற்கு ஒரு பெட்டி. இதெல்லாம் இட்டிலித்தட்டில் குழி இருப்பதுபோல் கூடவே வரும். எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஊரெல்லாம் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. சிற்பி ஒட்டமாட்டார். பட்டனைத் தானே இழைப்பார், பெட்டியைத் தானே வரைவார். அதற்கு அவர்கள் பாஷையில் 'கஸ்டம் கம்போனென்ட்' என்று பெயர். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர்கள் குரல் அரைச் சுதி இறங்கும், கண் பாதி மூடிக்கொள்ளும், சுற்றி இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டுமோ என்று நமக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் 'பெரியவர் அளக்கிறார்' என்பீர்கள். ஒரே ஒரு மாதிரியைப் பிடித்து மேசைமேல் வைக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவி வெட்டுகிற கடைக்கு மேலே ஓர் அறை. அறையில் இரண்டு மேசை. ஒரு மேசையில் கதவைப் பெயர்த்துப் படுக்கப் போட்டதுபோல் ஓர் அகலமான ஸ்கிரீன். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் நம் ஆள். இன்னொரு மேசையில் போன், அதன் முன்னால் அவர் மனைவி. அவர் எழுதுவார், அந்த அம்மாள் அதைக் கொண்டுபோய் வாங்கியவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, பிறகு வருகிற வசவையெல்லாம் போனில் வாங்கிக்கொள்வாள். கணவருக்குச் 'சிற்பி' என்று பெயர் வைத்தவளும் அவளேதான். வைத்தபோது அது பாராட்டு இல்லை. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு விட்டார். அதற்கு அவள் என்ன செய்வாள்?

இவருக்கு ஒரு சகலை. அதாவது அந்த அம்மாளின் அக்கா புருஷன். சகலை உறவை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டில் பெண் எடுத்த குற்றத்துக்காக ஆயுள் முழுக்க ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கப்படும் இரண்டு அப்பாவிகள், அவ்வளவுதான். இந்தச் சகலை பெரிய சலவை நிலையம் வைத்திருந்தார். ஆள் உள்ளே நுழைந்து நிற்கக்கூடிய எட்டு டிரம்கள். ஓட்டல் விரிப்பையே துவைத்துக்கொண்டிருந்தவருக்கு ஆஸ்பத்திரி வேலை ஒன்று கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஒரு கண்டிப்பு. நோயாளி படுத்த துணி, கிருமி சாகிற சூட்டில் வேக வேண்டும்; வெந்ததா இல்லையா என்று ஓட்டுகிறவர் கண்ணுக்கு எந்நேரமும் தெரிய வேண்டும். அதை நேரில் பார்த்த பிறகுதான் வேலை.

சகலை வந்து உட்கார்ந்து, தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எட்டு டிரம்முலயும் தண்ணி எவ்ளோ சூடுன்னு ஸ்கிரீன்ல தெரியணும், சகலை. அவ்ளோதான்."

'அவ்ளோதான்' என்ற சொல்லைக் கேட்கும் நரம்பு சிற்பி இனத்துக்குக் கிடையாது. காது டாக்டர்கள் யாராவது ஆராய்ச்சி பண்ணலாம்.

"வெளியாள் ஒருத்தர்கிட்டக் குடுக்கலாம்னுதான் இருந்தேன்" என்று சகலை போகிற போக்கில் ஒரு ஊசியையும் சொருகிவிட்டுப் போனார். அவர் படியிறங்கியதும் மனைவி கதவைச் சாத்தினாள்.

"ஏங்க, அக்காகிட்டக் கெஞ்சிக் கூத்தாடி இதை வாங்கியிருக்கேன். எட்டு எண்ணு தெரியணும். தெரியலைன்னா அவங்களுக்கு ஆஸ்பத்திரி வேலை போச்சு, எனக்கு அக்கா வீட்டு வாசப்படி போச்சு. புரியுதா?"

"எண்ணா?" என்று அவர் சிரித்தார். "வெறும் எண்ணைக் காட்டறதுக்கு நான் எதுக்கு?"

அந்தக் கேள்வி சத்தியமான கேள்வி. அதற்கு விடை தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

செதுக்கத் தொடங்கினார். என்ன சொல்லட்டும்! டிரம்முக்கு ஒன்றாக எட்டு வட்டக் கண்ணாடிகள். கண்ணாடிக்குப் பித்தளை விளிம்பு. விளிம்பில் வெளிச்சம் பட்டு மின்னும் ஒரு கீற்று. உள்ளே தண்ணீர், சூடு ஏறினால் தண்ணீர் ஏறும், கொதி வந்தால் குமிழ் வரும், குமிழ் மேலே போய் உடையும். நடுவே ஒரு முள், முள்ளுக்கு நிழல், முள் திரும்பினால் நிழலும் திரும்பும். சகலை கேட்ட எண்ணும் இருந்தது. இல்லை என்று சொல்லக்கூடாது. குமிழுக்குப் பின்னால், அழகு கெட்டுவிடாத அளவில், எறும்பு ஊர்ந்தாற்போல் இருந்தது. மனைவி வந்து நின்று பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. அவளுக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது. அந்த ஒரு கணத்துக்காக அவள் பின்னால் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி அதிகாரி வருவதற்கு முந்தின நாள் ப்ரோக்ராமைக் கொண்டுபோய்ச் சலவை நிலையத்தில் ஏற்றிவிட்டு வந்தாள். அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. டிரம் ஓட்டுகிற ஆபரேட்டர். போனைச் சிற்பியிடம் நீட்டினாள்.

"சார், எட்டும் வெள்ளையா இருக்கு."

"வெள்ளைன்னா?"

"வெள்ளைன்னா வெள்ளைதான் சார். தொவைச்ச மாதிரி."

"நல்லா உத்துப் பாருங்க. உள்ள ஒரு வட்டம் தெரியும்."

"உத்துப் பார்த்தா என் மூஞ்சிதான் சார் தெரியுது."

சிற்பி தன் ஸ்கிரீனைத் திரும்பிப் பார்த்தார். எட்டுக் கண்ணாடியும் பளபளவென்று மின்ன, குமிழ்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

"என் மெஷின்ல தெரியுதே!"

"அப்ப அதைப் பார்த்து எவ்ளோ சூடுன்னு நீங்களே சொல்லிடுங்க சார், நான் எழுதி ஒட்டிக்கறேன்."

கேட்டீர்களா? 'என் மெஷின்ல தெரியுதே.' இதுதான் அந்த இனத்தின் கொடிப்பாட்டு. நீங்களும் நானும் செய்தது தெரியாமல் போனால் 'எங்கேயோ கோட்டை விட்டுட்டோம்' என்று தலையைச் சொறிவோம். அவர்கள் சொறியமாட்டார்கள். அதற்கென்று ஒரு சாத்திரம் உண்டு. முதலில் கொடிப்பாட்டு. பிறகு, "அணைச்சிட்டு மறுபடி போடுங்க." போட்டும் வரவில்லை என்றால், அந்த ஸ்கிரீன் பழசு; ஸ்கிரீன் புதுசு என்றால் ஒயர் பழசு; இரண்டும் புதுசு என்றால் கரண்ட் சரியில்லை; கரண்டும் சரி என்றால் வைரஸுக்குக் காவல் போட்ட ப்ரோக்ராம் திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனைப் பிடித்துவிட்டது. இத்தனைக்கும் அசையாவிட்டால் கடைசியாக, பார்க்கிறவர் கண். "நீங்க கண்ணாடி போடறவரா?" என்று அவர் ஆபரேட்டரிடம் கேட்டதும், மனைவி போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

அதன்பிறகு அவர் தேடினார். எல்லோரும் தேடுகிற மாதிரிதான் தேடினார். இருட்டில் மாடு தொலைத்தவன் அங்கங்கே நின்று குரல் கொடுப்பதுபோல, இந்தத் தொழிலில் ப்ரோக்ராமுக்குள் அங்கங்கே ஒரு குட்டிச் செய்தியைப் புதைத்து வைப்பார்கள். ஓட்டம் அந்த இடத்துக்கு வந்துவிட்டால் செய்தி ஸ்கிரீனில் எழும். 'சரி' என்று அமுக்கினால் போய்விடும். இதுவரைக்கும் வந்தது, இதற்கப்புறம்தான் வரவில்லை என்று கண்டுபிடிக்கலாம். வேலை முடிந்ததும் அதையெல்லாம் தோண்டி எடுத்துவிட வேண்டும். டிரம்முக்கு ஒன்றாகப் புதைத்தார். முதல் இரண்டு நல்லபடியாகத்தான் எழுதினார். போகப் போகக் கோபம் ஏறி, கை போன போக்கில் எழுதினார். எழுதியதை யார் பார்க்கப் போகிறார்கள்?

வட்டக் கண்ணாடி உட்கார வேண்டிய பெட்டியாவது ஸ்கிரீனில் இருக்கிறதா, அதுவும் இல்லையா என்று பார்க்க, முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்புறத்துக்கு அடிப்பார்களே, அந்தச் சிவப்பு வண்ணத்தை அதற்கு அடித்தார். சூட்டின் கணக்கு உள்ளே வந்து சேர்கிறதா என்று பார்க்க, வேண்டாவெறுப்பாக, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கடைச் சரக்கான ஒரு எண் பெட்டியை எடுத்து அதன்மேல் ஒட்டினார். அளவு பார்த்துக்கூட ஒட்டவில்லை. சோதனைக்குத்தானே? முழங்கால் உயரத்துக்கு வந்தது எண்.

மறுநாள் காலையில் இருவரும் அந்தச் சோதனைச் சரக்கோடு சலவை நிலையத்துக்குப் போனார்கள். அவர் அதை ஏற்றினார். ஓட்டிப் பார்க்க மவுஸில் கை வைத்தார். வாசலில் கார் நின்றது.

"சீக்கிரமா வந்துட்டேன், பரவாயில்லையா?" என்று கேட்டுக்கொண்டே ஆஸ்பத்திரி அதிகாரி உள்ளே வந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை; வெப்பமானியைப் போன்ற முகம். பின்னாலேயே சகலை. அவர் பின்னால் அக்கா, புதுப் புடவையில்.

"சகலை, எழுந்திருங்க, நானே காட்டறேன்" என்று சகலை நாற்காலியைப் பிடித்தார்.

"ஒரு நிமிஷம், இது வந்து..."

"அட, நகருங்க!"

சகலை உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். ப்ரோக்ராமை ஓட்டினார். ஸ்கிரீனின் நடுவில் ஒரு குட்டிச் செய்தி எழுந்தது. சகலைக்கு எதைப் பார்த்தாலும் சத்தமாகப் படிக்கிற பழக்கம்.

"முதல் டிரம் வந்தாச்சு." நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தார். "பாருங்க மேடம், எவ்ளோ மரியாதையா சொல்லுது!" 'சரி'யை அமுக்கினார்.

"ரெண்டாவதும் வந்தாச்சு." சரி.

"வந்தா மட்டும் போதுமா, மூஞ்சியைக் காட்ட வேணாமா?" சரியை அமுக்கும்போது சகலையின் விரல் கொஞ்சம் யோசித்தது.

"காட்டித் தொலையேன் கழுதை."

அதிகாரி ஒரு அடி முன்னால் வந்தார். சிற்பி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். மனைவி அக்காவைப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்த்தாள். ஐந்தாவது வெறும் பெருமூச்சு. ஆறாவதை இங்கே எழுத முடியாது. சகலையும் அதை மனசுக்குள்தான் படித்தார். நல்ல மனிதர். ஆனால் பழக்கம் விடுமா? ஏழாவது வந்ததும் வாய் தானாகவே திறந்துகொண்டது.

"அந்த... மண்டூகச்... சகலை முன்னாடி என் மானத்தை வாங்கிடாதே."

அதிகாரி ஸ்கிரீன் பக்கம் குனிந்தார்.

"யாரது?" என்றார் அதிகாரி.

"அது ஒரு மாதிரி கம்ப்யூட்டர் பாஷைங்க மேடம்" என்றாள் மனைவி, முந்திக்கொண்டு.

"இல்லைங்க" என்றார் சகலை. "நான்தாங்க அது."

சொல்லிவிட்டுச் 'சரி'யை அமுக்கினார். எட்டாவது செய்தியில் 'கடவுளே' என்று மட்டும் இருந்தது. அதையும் அமுக்கினார்.

எட்டுச் சிவப்புச் சதுரங்கள் பட்டென்று விரிந்தன. அவற்றின்மேல் வெள்ளையாக, கொழுகொழுவென்று, எட்டு எண்கள். முள் இல்லை, நிழல் இல்லை, குமிழ் இல்லை. சிற்பி கண்ணை மூடிக்கொண்டார். தன்னை நடுத்தெருவில் பனியனோடு நிறுத்திவிட்டது போல் இருந்தது அவருக்கு.

அதிகாரி திரும்பி நடந்தார். போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அக்கா புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவர் கூடத்தின் மறுகோடிக்குப் போய், கடைசி டிரம்முக்குப் பக்கத்தில் நின்று, அங்கிருந்து திரும்பிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கவில்லை.

"இங்கேருந்தே தெரியுதே!"

பிறகு ஒவ்வொரு டிரம்மாகத் தொட்டுப் பார்த்து, தன் பையிலிருந்த கருவியை விட்டு அளந்து, ஸ்கிரீனில் இருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தார். எட்டும் ஒத்துப்போயிற்று. "போன இடத்துல எல்லாம் வட்டம், கோடு, கோலம்னு போட்டு வெச்சிருந்தாங்க. எண்ணு எங்கேன்னு தேட வேண்டியிருந்தது. எனக்கு இதுதான் வேணும். எப்போ ஆரம்பிக்கறீங்க?"

சகலை நாற்காலியோடு எழுந்துவிட்டார். அக்கா தங்கையின் கையைப் பிடித்து நசுக்கினாள். எல்லோரும் சிற்பியைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? பல்லைக் காட்டிவிட்டு நிற்பான்.

"மேடம்" என்றார் நம் ஆள். "இது நிஜமானது இல்ல. நிஜமானது இதைவிட..."

மனைவி அவர் காலை மிதித்தாள். மிதித்த காலை அதிகாரியின் கார் தெருமுனை திரும்பும்வரை எடுக்கவில்லை.

சரி, கதை சுபம் என்று எழுந்துவிடாதீர்கள். ஊரே கைதட்டினாலும், தன் பிள்ளை வீட்டில் இருக்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பரிசு கொடுத்தால் பெற்றவனுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் அலைந்தார் அவர். அந்த எட்டும் ஏன் அங்கே தெரியவில்லை என்ற கேள்வி செருப்பில் சிக்கிய கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்கு விடை வந்த விதம்தான் வேடிக்கை. ஒருநாள் மனைவி அவர் ஸ்கிரீனைத் துப்புரவு செய்தாள். கால் வைக்க இடமில்லாமல் குப்பை கொட்டிக் கிடந்தது. எல்லாவற்றையும் வாரி 'பழசு' என்று ஒரு ஃபோல்டருக்குள் போட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்த சிற்பி, வழக்கம்போல் தன் கண்ணாடிகளைக் கண்குளிரப் பார்க்கலாம் என்று ப்ரோக்ராமை ஓட்டினார்.

எட்டும் வெள்ளை. துவைத்த மாதிரி.

"என் மெஷின்ல..." என்று தொடங்கினார். மனைவி பக்கம் திரும்பினார். "என்னடி பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல. வட்டம், முள்ளு, குமிழுன்னு ஒரு ஃபோல்டர் நிறையப் படம் கிடந்துது. தூக்கி வேற இடத்துல வெச்சேன்."

ஆள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பித்தளை விளிம்பையும் முள்ளையும் குமிழையும் படமாக வரைந்து தன் கம்ப்யூட்டரில் ஓர் இடத்தில் வைத்திருந்தார். 'அந்த இடத்தில் போய் எடுத்துக்கொள்' என்று ப்ரோக்ராமுக்குச் சொல்லியிருந்தார். சகலையின் கம்ப்யூட்டரில் அந்த இடம் ஏது? முதல் படமே கிடைக்காமல் ஓட்டம் அங்கேயே நின்றதால், பின்னால் வர வேண்டிய எண்ணும் வரவில்லை. தன் வீட்டு அலமாரியில் இருக்கிற சட்டையைச் சகலை வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு கைநீட்டி எடுக்கச் சொன்ன கதை. 'சட்டை கிடைக்கவில்லை' என்று ப்ரோக்ராம் அலறியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அலறியிருக்கும். ஆனால் அலறல் செய்தி வந்தால் அழகு கெடும் என்று, 'எது கிடைக்காவிட்டாலும் வாயைத் திறக்காதே' என்று கட்டளை போட்டு வைத்திருந்ததும் அவரேதான்.

படங்களை ப்ரோக்ராமுக்குள்ளேயே வைத்துத் தைத்தார். புதைத்த செய்திகளைத் தோண்டி எடுத்தார். சிவப்பை வழித்தெறிந்தார். மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தானே சலவை நிலையத்துக்குப் போய், ஆபரேட்டர் சாப்பிடப் போன இடைவெளியில் ஏற்றிவிட்டார்.

தெரிந்தது! எட்டும் தெரிந்தது. விளிம்பு மின்னியது, முள் துடித்தது, குமிழ் ஏறியது, நிழல் திரும்பியது. சகலையின் கம்ப்யூட்டரில்! அவர் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. பொய் சொல்லவில்லை.

ஆபரேட்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஸ்கிரீனைப் பார்த்தார். பின்னால் நகர்ந்து பார்த்தார். பக்கத்தில் வந்து பார்த்தார்.

"சார், எண்ணு எங்க?"

"முள்ளைப் பாருங்க."

"முள்ளு ஜோரா இருக்கு சார். எண்ணு?"

"குமிழுக்குப் பின்னால இருக்கு. குமிழ் ஒடைஞ்சதும் தெரியும்."

இருவரும் குமிழ் உடைவதற்காகக் காத்து நின்றார்கள். உடைந்தது. எண்ணைப் படிப்பதற்குள் அடுத்த குமிழ் வந்துவிட்டது. பின்னால் நான்காம் டிரம்மில் ஆஸ்பத்திரித் துணி, வெந்ததா வேகவில்லையா என்று யாருக்கும் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் வீடு போய்ச் சேருவதற்குள் சகலை போன் செய்துவிட்டார்.

"சகலை, நம்ம ப்ரோக்ராம்ல ஏதோ வைரஸ் வந்துடுச்சு போல. வட்ட வட்டமா எதையோ காட்டுது. துணியை எல்லாம் மறுபடி போட்டு ஓட்டிக்கிட்டிருக்கோம். கொஞ்சம் வந்து பழையபடி சிவப்பாக்கிடுங்க. புண்ணியமாப் போவும்."

சிற்பி போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்புறம் சகலை, அந்த எட்டுச் செய்தியும் வேணும். அதை எடுத்துடாதீங்க."

"அதையா? எதுக்கு?"

"காலையில வந்ததும் எல்லாரும் கூடி நின்னு அதைப் படிச்சிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கறாங்க. மண்டூகம் வர்ற எடத்துல நானே படிக்கணுமாம். இன்னிக்கு வரலைன்னு ஆபரேட்டர் மூஞ்சியே செத்துப் போச்சு."

போய் மாற்றிக் கொடுத்தார். சிவப்பு, எண், கழுதை, மண்டூகம், எல்லாம் இன்றைக்கும் அங்கே நன்றாக ஓடுகிறது. அந்த எட்டுக் கண்ணாடிகள்? சாவிக்கடைக்கு மேலே, கதவு அகல ஸ்கிரீனில், பார்க்க ஒரே ஓர் ஆளோடு மின்னிக்கொண்டிருக்கின்றன. அவர் மெஷினில் தெரிகிறது. அவர் மெஷினில் மட்டும்.

நல்ல கோமாளி என்று சிரித்தீர்கள். சிரியுங்கள். 'நமக்கென்ன, நாம் கம்ப்யூட்டரில் எதையும் செதுக்குவதில்லை' என்று காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். வீட்டுக்கு வழி கேட்டவருக்குத் தெருப்பெயரைச் சொல்லாமல், நீங்களே கண்டுபிடித்த குறுக்குவழியைப் படம் வரைந்து அனுப்பி, அவர் வேகாத வெயிலில் சுற்றிவிட்டு வந்து நின்றபோது, "அவ்ளோ தெளிவா போட்டிருந்தேனே" என்று கேட்டது யார்? வீட்டுச் சுவிட்சுகளை ஒரு சொந்த வரிசையில் மாட்டி, விசிறியைத் தேடிய விருந்தாளியை வாசல் விளக்கைப் போட வைத்துவிட்டு, அவரைப் பார்த்துச் சிரித்தது யார்? அதெல்லாம் போகட்டும். வீட்டில் இருப்பவர்மேல் உங்களுக்கு அன்பு இருக்கிறது, இல்லை என்று நான் சொன்னேனா? உள்ளே எத்தனை நுணுக்கமாக, விளிம்பும் நிழலும் வைத்துச் செதுக்கி வைத்திருக்கிறீர்கள்! ஒருநாளாவது அது அவர்கள் ஸ்கிரீனில் தெரிந்திருக்கிறதா? அவர்கள் கேட்டது பெரிதாக, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி, ஒரே ஒரு எண். அவ்வளவுதான்.

இந்தக் கதையில் உங்கள் முகத்தையும் ஒரு மூலையில் வரைந்துதான் வைத்திருக்கிறேன். என்ன, தெரியவில்லையா?

எனக்குத் தெரியுதே!